திடப்படுத்தல் வகுப்பில் கிருபையை முதல் வாரத்துக்குக் கொண்டுவாருங்கள்

கோலாலம்பூர், பினாங்கு தமிழ்ச் சபைகளில் ஞாயிறு பள்ளியும் திடப்படுத்தல் வகுப்பும் (பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிட ஆயத்தமாகும் வகுப்பு) நடத்தும் ஆசிரியர்களுக்கும், அவர்களுக்குப் பாடத்திட்டம் வகுத்துத் தரும் போதகர்களுக்கும்,

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே, ஸ்தோத்திரம்.

ஒரே ஒரு வேண்டுகோளுக்காக இந்த மடலை எழுதுகிறோம். கிருபையைப் பற்றிய, அதாவது நாம் சம்பாதிக்காமல் தேவன் தரும் தயவைப் பற்றிய பாடத்தைக் கடைசி வாரத்திலிருந்து எடுத்து முதல் வாரத்தில் வையுங்கள். ஒரு வாரம் போதாது, மூன்று வாரம் கொடுங்கள்.

நாம் வழக்கமாகப் போகும் வரிசை உங்களுக்குத் தெரியும். பத்துக் கட்டளையில் தொடங்கி, விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம் என்று போய், ஞானஸ்நானமும் திருவிருந்தும் முடிந்த பிறகு மிஞ்சும் நேரத்தில் கிருபை வருகிறது. அந்த நேரத்தில் வெள்ளை உடை தைத்தாயிற்றா, ஒத்திகை எத்தனை மணிக்கு, குழுப்படம் எங்கே எடுப்பது என்ற பேச்சுதான் வகுப்பில் ஓடும். எபேசியர் 2:8ஐ மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு முடித்துவிடுகிறோம். நடுவில் டியூஷன் என்று நின்றுபோன பிள்ளையும், குடும்பத்தோடு வேறு ஊருக்கு மாறிப்போன பிள்ளையும் “செய், செய்யாதே” என்ற பகுதியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கிறிஸ்தவம் என்றால் அதுதான் என்று அவர்கள் வாழ்நாள் முழுக்க நினைத்தால் தவறு அவர்கள்மேல் இல்லை.

லுத்தரன் ஆசிரியர்கள் ஒரு கேள்வி எழுப்புவார்கள். 1529இல் வந்த லுத்தரின் சிறிய ஞானோபதேசமே (வினா-விடைப் பாடநூல்) பத்துக் கட்டளையில்தானே தொடங்குகிறது? உண்மைதான். நியாயப்பிரமாணம் நோயைக் காட்டும், சுவிசேஷம் மருந்து தரும் என்பது அந்த வரிசையின் காரணம். ஆனால் நோயைச் சொல்லி எட்டு வாரம் கழித்து மருந்தைச் சொன்னால் அந்தக் காரணமே அடிபட்டுப்போகிறது. 1563இல் வந்த ஹைடல்பெர்க் ஞானோபதேசம் வேறு வழியில் போனது. மனிதனின் அவலம், மீட்பு, நன்றி என்று மூன்று பகுதிகளாகப் பிரித்து, பத்துக் கட்டளையின் விளக்கத்தை மூன்றாவதான ‘நன்றி’யில் வைத்தது. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலிலும் அருளைப் பற்றிய பகுதி பத்துக் கட்டளைக்கு முன்னால்தான் வருகிறது. இந்த வரிசையை யாத்திராகமம் 20லேயே காணலாம். “என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்” என்பதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள்: “உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே.” விடுதலை நடந்து முடிந்த பிறகுதான் கட்டளை வருகிறது. இஸ்ரவேலர் பத்தையும் கைக்கொண்டு காட்டியதற்காகச் செங்கடல் பிளக்கவில்லை. கட்டளைப் பலகை வரைந்து சுவரில் ஒட்டும்போது இந்த இரண்டாம் வசனத்தை விட்டுவிடாமல் எல்லாவற்றுக்கும் மேலே எழுதுங்கள்.

உங்கள் வகுப்பு பத்து வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று வாரத்துக்கு மூன்று பாடங்கள் சொல்கிறோம்.

முதல் வாரம் மத்தேயு 20, திராட்சத் தோட்டத்து வேலையாட்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நம் பிள்ளைகள். பெரட்டும் (காலை ஆள் கணக்கெடுப்பு) கிராணியும் (தோட்டக் கணக்கர்) மண்டோரும் (மேஸ்திரி) அவர்கள் வீட்டுப் பேச்சில் இன்னும் இருக்கிற சொற்கள். பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தால் ஐந்து கூட்டமாகப் பிரியுங்கள்: விடியற்காலை, 9 மணி, நண்பகல், 3 மணி, 5 மணி. வேலை 6 மணிக்கு முடிகிறது. முதல் கூட்டத்துக்கு மட்டும் கூலி பேசப்பட்டது, நாளைக்கு ஒரு பணம். அடுத்து வந்தவர்களிடம் எஜமான் சொன்னது, நியாயமானதைத் தருகிறேன் என்பதுதான். இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). அதை 26 வேலை நாளால் வகுத்தால் நாளைக்குச் சுமார் 65 வெள்ளி வரும். 65 வெள்ளி என்று எழுதிய சீட்டுகளைப் பிள்ளைகளின் எண்ணிக்கைக்குத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கதையில் உள்ளபடியே கடைசிக் கூட்டத்திலிருந்து தொடங்கி எல்லாருக்கும் ஒரே சீட்டைக் கொடுங்கள்.

இந்த இடத்தில்தான் பாடம் பெரும்பாலும் கெட்டுப்போகிறது. முடிவை முன்னாலேயே சொல்லிவிடுவது முதல் தவறு. சீட்டைக் காலையில் வந்தவர்களிலிருந்து கொடுப்பது அடுத்தது. அவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் பேசிய கூலியை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள், முறுமுறுப்பே எழுந்திருக்காது. கடைசியில் வந்தவர்களிலிருந்து தொடங்கச் சொன்ன அந்த எஜமான் எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார். பிள்ளைகள் “அது எப்படி சார், நியாயமா?” என்று சண்டை பிடிப்பார்கள். உடனே அடக்காதீர்கள். ஐந்து நிமிடமாவது பேசவிடுங்கள். அந்தக் கோபம் வராத வகுப்பில் கிருபை என்ன என்று யாருக்கும் புரிந்திருக்காது.

அதன் பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள். காலையில் வந்தவருக்குக் கொடுக்க வேண்டியதில் ஒரு காசாவது குறைந்ததா? குறையவில்லை. அவர்களை வில்லன்களாக்க வேண்டாம். அவர்களுக்கு நியாயமும் பின்னால் வந்தவர்களுக்குத் தயவும் ஒரே கையிலிருந்து கிடைத்தன. மாலை 5 மணி வரை ஏன் சிலர் சும்மா நின்றார்கள்? “சோம்பேறிகள்” என்று பதில் வரும். ஏழாம் வசனத்தை வாசிக்கச் சொல்லுங்கள்: ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை என்கிறார்கள். யாரும் பொறுக்கிக்கொள்ளாமல் விட்டவர்கள் அவர்கள். மூன்றாவது கேள்வி: 65 வெள்ளியைப் பன்னிரண்டாகப் பிரித்து ஒரு மணி நேரக் கூலியாக ஐந்தரை வெள்ளி கொடுத்திருந்தால் அன்று இரவு அவர்கள் வீட்டில் என்ன சமைத்திருப்பார்கள்? நாள்கூலி என்பது ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சாப்பாடு. எஜமான் பார்த்தது அவர்களுடைய தேவையை.

இரண்டாம் வாரம் மத்தேயு 18:21-35, கடன்பட்ட ஊழியக்காரன். இதற்குக் கரும்பலகை வேண்டும். அவன் ராஜாவுக்குப் பட்ட கடனான பதினாயிரம் தாலந்து என்றால் எவ்வளவு என்று யாரும் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. ஒரு தாலந்து சுமார் 6,000 நாள்கூலி. பதினாயிரம் தாலந்து 6 கோடி நாள்கூலி. நாளைக்கு 65 வெள்ளி என்றால் 390 கோடி வெள்ளி. வருடத்துக்கு 300 நாள் வேலை செய்து, ஒரு காசும் செலவழிக்காமல் கட்டினாலும் 2 லட்சம் வருடம் ஆகும். கணக்கைப் பிள்ளைகளே கைப்பேசியில் தட்டட்டும், பூஜ்யங்களை அவர்களே எண்ணட்டும். அதன் பிறகு அவன் கேட்டதை வாசியுங்கள்: “என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்.” அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. தவணைதான் கேட்டான். கிடைத்ததோ முழு விடுதலை. வெளியே போனதும் அவன் நூறு வெள்ளிப்பணத்துக்காக (நூறு நாள்கூலி) உடன் ஊழியக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். கடன் தீர்ந்துவிட்டது என்று மனதுக்குள் நம்பாதவன், இன்னும் வசூல் செய்தாக வேண்டும் என்று அலைகிறவன் அப்படித்தான் நடப்பான் என்பது எங்கள் வாசிப்பு. கிருபையைக் கேள்விப்பட்டும் பிறரிடம் கறாராக இருக்கிற விசுவாசிகளை நம் சபைகளில் பார்க்கிறோமே, அவர்களைப் புரிந்துகொள்ள இது உதவும்.

அந்த நூறு வெள்ளிப்பணம் சின்னத் தொகை என்று சொல்லிக்கொடுப்பதும் தவறு. நம் கணக்கில் 6,500 வெள்ளி, ஏறத்தாழ நாலு மாத உழைப்பு. பிறர் நமக்குச் செய்யும் தீங்கு உண்மையிலேயே வலிக்கும். “உனக்கு நடந்தது ஒன்றும் பெரிதில்லை” என்று இயேசு சொல்லவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை, தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். அடி வாங்கும் பிள்ளையிடமும், தகாத முறையில் தொடப்பட்ட பிள்ளையிடமும் இந்த உவமையைக் காட்டி “ஏழெழுபதுதரம் மன்னி” என்று சொல்லிவிடக் கூடாது. அதே 18ஆம் அதிகாரம் சிறியவர்களில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டுவதைப் பற்றி ஆறாம் வசனத்திலேயே பேசுகிறது. குற்றம் செய்தவனை நேருக்கு நேர் கேட்பதையும், கேளாவிட்டால் சாட்சிகளோடு போவதையும், அதற்கும் கேளாவிட்டால் சபைக்குச் சொல்வதையும் கடந்த பிறகுதான் மன்னிப்புக்கு வருகிறது. மன்னிப்பது வேறு, ஆபத்தான ஆளைப் பழைய இடத்தில் திரும்ப உட்கார வைப்பது வேறு. ஒரு பிள்ளை அப்படி ஏதாவது சொன்னால் பாடத்தை நிறுத்துங்கள், நம்புங்கள், அன்றே போதகருக்குச் சொல்லுங்கள், தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசி எண் 15999க்கு அழையுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் சபை மூப்பராக இருந்தாலும் இதே வழிதான்.

மூன்றாம் வாரத்தை வகுப்பறையில் வைக்காதீர்கள், ஆலயத்துக்குள் ஞானஸ்நானத் தொட்டியருகே வையுங்கள். லுத்தரன், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், கத்தோலிக்கர் எல்லாரும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோம். சபைச் செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லி ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். பழைய மைக் கையெழுத்து, பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், தேதி. ஒவ்வொரு பிள்ளையும் தன் வரியை விரலால் தேடிக் கண்டுபிடிக்கட்டும். “அந்தத் தேதிக்கு முன்னால் நீ என்ன சாதித்தாய்?” என்று கேளுங்கள். பால் குடித்தேன், தூங்கினேன், அழுதேன். தேவன் உன்னைத் தம்முடையவன் என்று சொன்ன நாளில் உன்னிடம் ஒரு சான்றிதழும் இல்லை. பெரியவர்களாகி ஞானஸ்நானம் எடுக்கப் போகிறவர்களும், வேறு சபையில் எடுத்தவர்களும் வகுப்பில் இருந்தால் முதலிலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளை ஓரமாக நிற்கும்படி ஆகிவிடக் கூடாது. அவர்களுக்கு ரோமர் 5:8 போதும்: நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார். அதுவும் நம் எல்லாருடைய தேதிக்கும் முந்திய தேதி.

மெதடிஸ்ட் ஆசிரியர்கள் இந்த இடத்தில் ஜான் வெஸ்லியின் மூன்று பிரிவைச் சொல்லலாம். நாம் தேடுமுன்னே நம்மைத் தேடிவரும் முந்துகிற கிருபை, மன்னித்து ஏற்றுக்கொள்ளும் நீதிமானாக்குகிற கிருபை, நாள்தோறும் நம்மை மாற்றும் பரிசுத்தமாக்குகிற கிருபை. மூன்று வகைக் கிருபை என்று பிள்ளைகள் எழுதிவைத்துக்கொள்வார்கள். ஒரே கிருபை, மனிதனைச் சந்திக்கும் இடம்தான் மூன்று என்று திருத்துங்கள்.

“அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாமா?” என்ற கேள்வி கட்டாயம் வரும். வராவிட்டால் நீங்களே கேளுங்கள். பவுலும் தாமே கேட்டுத் தாமே “கூடாதே” என்று பதில் சொல்கிறார், ரோமர் 6. பல ஆசிரியர்கள் கிருபையைக் கடைசிக்குத் தள்ளுவதே இந்தக் கேள்விக்குப் பயந்துதான். அந்தப் பயம் மிகப் பழையது. நாலாம் நூற்றாண்டின் இறுதியில் ரோமாபுரியில் வாழ்ந்த பெலாகியுஸ் கிறிஸ்தவர்களின் ஒழுக்கம் தளர்ந்திருப்பதைக் கண்டு வருந்தியவர். “நீர் கட்டளையிடுவதைத் தாரும், பிறகு நீர் விரும்புவதைக் கட்டளையிடும்” என்ற வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீனின் ஜெபம் அவர் காதில் விழுந்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை. மனிதன் முயன்றால் கட்டளையைக் கைக்கொள்ள முடியும் என்று போதித்தார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் சங்கமும், 431இல் எபேசு சங்கமும் அதை ஏற்க மறுத்தன. நாம் முதல் அடி வைத்தால் மீதியைத் தேவன் பார்த்துக்கொள்வார் என்ற பாதிவழிப் போதனையையும் 529இல் பிரான்ஸின் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் ஒதுக்கியது. அந்த முதல் அடியே கிருபையின் வேலை என்றது. ஒழுக்கம் வேண்டும் என்ற பெலாகியுஸின் ஏக்கத்தில் பிழை இல்லை. அதை எங்கிருந்து பெறுவது என்பதில்தான் அவர் வழிதவறினார். ஆயக்காரன் சகேயுவைக் காட்டுங்கள் (லூக்கா 19). இயேசு அவன் வீட்டுக்கு வருகிறேன் என்று முதலில் சொன்னார், அவன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகவும் கொடுப்பேன் என்று பிறகு சொன்னான். நாலு மடங்கைக் கட்டிவிட்டு வா, அதற்கப்புறம் விருந்துக்கு வருகிறேன் என்று இயேசு சொல்லவில்லை. ஆனால் அந்த நாலு மடங்கும் வந்தது. எபேசியர் 2:8, 9ஐ ஒப்பிக்கச் சொல்கிறவர்கள் 10ஆம் வசனத்தையும் சேர்த்தே சொல்லவைக்க வேண்டும், நற்கிரியைகள் அங்கே இருக்கின்றன.

ஒப்பிப்பது என்றதும் இன்னொன்று. இரட்சிப்பு “உங்களால் உண்டானதல்ல” என்று சொல்லும் வசனத்தை ஒப்பித்தால் ஐந்து புள்ளி, தவறினால் பூஜ்யம், வருட முடிவில் அதிகப் புள்ளிக்குப் பரிசு என்று பல வகுப்புகளில் நடக்கிறது. வாய் சொல்வதைச் சுவரில் தொங்கும் அட்டவணை அழித்துவிடுகிறது. வருகைப் பதிவேடு இருக்கட்டும், மனப்பாடமும் இருக்கட்டும். நட்சத்திரம் ஒட்டும் அட்டவணையைக் கழற்றுங்கள். பரிசு கொடுப்பதானால் எல்லாருக்கும் ஒரே பரிசு கொடுங்கள். ஒழுங்காக வந்த பிள்ளையின் பெற்றோர் முறையிடுவார்கள். மத்தேயு 20ஐ அவர்களோடும் வாசிக்க அது நல்ல வாய்ப்பு.

‘தகுதியற்றவனுக்குக் கிடைக்கும் தயவு’ என்ற விளக்கத்தைக் கையாளும்போதும் கவனம் வேண்டும். பள்ளியில் கடைசி வகுப்பில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளை, நிறத்துக்காகக் கேலிக்கு ஆளான பிள்ளை, ‘தகுதியற்றவன்’ என்றதும் தன்னை மட்டமானவன் என்று வாசித்துக்கொள்ளும். கூலியாகச் சம்பாதிக்க முடியாது என்பதுதான் போதனை. நீ மதிப்பில்லாதவன் என்பது போதனை இல்லை. ஆதியாகமம் 1:27இல் தேவசாயலாக உண்டாக்கப்பட்டதைச் சொன்ன பிறகு மட்டுமே அந்த விளக்கத்தைச் சொல்லுங்கள்.

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவப் பொதுத் தேர்வு) முடிவுகள் வரும் பருவத்தில் சாட்சி நேரம் முழுவதும் மதிப்பெண்ணாகிவிடுகிறது. “கிருபையால் 9ஏ” என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, கணக்கில் தோற்ற பிள்ளை பின்வரிசையில் உட்கார்ந்து தனக்குக் கிருபை கிடைக்கவில்லை என்று முடிவு கட்டுகிறது. நன்றி சொல்வதைத் தடுக்க வேண்டாம். அதே ஆராதனையில் 2 கொரிந்தியர் 12ஐ வாசியுங்கள். பவுல் தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் கேட்டார், நீங்கவில்லை. “என் கிருபை உனக்குப்போதும்” என்பது அந்த மறுப்போடு சேர்ந்து வந்த பதில். கேட்டது கிடைக்காத இடத்திலும் கிருபை இருந்தது என்று சொல்ல நமக்கு இதைவிடத் தெளிவான பகுதி இல்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காணிக்கையை விதையாக விதைத்தால் நூறத்தனையாக அறுக்கலாம் என்ற பிரசங்கத்தைப் பிள்ளைகள் கைப்பேசியில் தினமும் கேட்கிறார்கள். 2 இராஜாக்கள் 5ஐ முழுவதும் வாசியுங்கள், சீரியப் படைத்தலைவன் நாகமான் குஷ்டம் நீங்கிக் குணமானதோடு நிறுத்தாதீர்கள். அவன் கொண்டுவந்தது பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் பொன், பத்து மாற்று வஸ்திரம். தீர்க்கதரிசி எலிசா ஒன்றையும் தொடவில்லை. அவருடைய வேலைக்காரன் கேயாசி பின்னால் ஓடி இரண்டு தாலந்தையும் இரண்டு வஸ்திரத்தையும் வாங்கிக்கொண்டான். தேவன் சும்மா கொடுத்ததற்கு விலைச்சீட்டு ஒட்டினான், நாகமானின் குஷ்டம் அவனைப் பிடித்தது. போதகர்களே, இது உங்களுக்கும்தான்: சந்தா பாக்கியைக் காரணம் காட்டி ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்தைத் தள்ளிவைத்தால் நாங்கள் மூன்று வாரம் நடத்திய பாடம் ஒரே நாளில் அழிந்துவிடும்.

பிள்ளைகளின் மாமா, அத்தை, தாத்தா வீடுகளில் பாதி இந்து வீடுகள். “அவர்களுக்குக் கர்மவினை மட்டும்தான், கிருபை நமக்கு மட்டும்தான்” என்று சொல்லிக்கொடுப்பது உண்மைக்குப் புறம்பு. சைவத்தில் திருவருள் பேசப்படாத இடமில்லை. வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் இதையே விவாதித்தார்கள்: தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியா, தாய் வாயால் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியா என்று. அகுஸ்தீனும் பெலாகியுஸும் மோதிய கேள்விக்கு மிக அருகே நிற்கிறது இது. இதைத் தெரிந்த ஆசிரியர் பிள்ளையின் தாத்தாவை மதிப்போடு பேசுவார், கிறிஸ்தவர்கள் குறிப்பாக என்ன சொல்கிறோம் என்பதையும் தெளிவாகச் சொல்வார்: கிருபை நமக்குச் சிலுவையில் அறையப்பட்ட ஒருவரில், வரலாற்றில் ஒருமுறை நடந்த செயலில், பகைஞராயிருந்தவர்களுக்குக் காட்டப்பட்டது.

அம்மா கத்தோலிக்கர், அப்பா மெதடிஸ்ட் என்றிருக்கும் வீட்டுப் பிள்ளைகள் யார் சொல்வது சரி என்று கேட்பார்கள். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியினால் அல்ல, கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசத்தில் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், ஆவியானவரைத் தந்து நற்கிரியைகளுக்கு ஆயத்தப்படுத்துகிறார் என்பது அதன் சாரம். 2006இல் உலக மெதடிஸ்ட் பேரவையும், 2017இல் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியமும் அதில் இணைந்தன. 2016இல் ஆங்கிலிக்கன் ஆலோசனைப் பேரவை அதன் சாரத்தை ஏற்றது. வேறுபாடுகள் தீர்ந்துவிடவில்லை. ஆனால் இந்த ஒரு காரியத்துக்காக அந்தப் பிள்ளை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே நின்று தவிக்க வேண்டியதில்லை.

நான்காம் வாரத்திலிருந்து மூன்று வாரம் விசுவாசப் பிரமாணம், ஏழும் எட்டும் பத்துக் கட்டளை, ஒன்பது பரமண்டல ஜெபம், பத்து திருவிருந்து. போதகர் முன்னால் நடக்கும் கடைசி நேர்காணலில் “கிருபை என்றால் என்ன?” என்று கேட்காதீர்கள், மனப்பாட வரிதான் பதிலாக வரும். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: “அடுத்த வருடம் நீ பெரிய தப்பு ஒன்று செய்துவிட்டாய் என்று வைத்துக்கொள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வருவாயா, வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்பாயா? ஏன்?” ஒதுங்கி நிற்பேன் என்று பிள்ளை சொன்னால் திடப்படுத்தலைத் தள்ளிப்போடாதீர்கள். ஆராதனை முடிந்த அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து மத்தேயு 20ஐ இன்னொருமுறை வாசியுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் உடன் ஆசிரியர்கள்
பினாங்கு